காற்றுக்கு ஈரச்சேலை கட்டிய அக்காவுக்கு

என் அன்பும் கோபமும் முதலில் வந்து சேருமிடமாக இருந்த மலரக்கா,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. காரியப் பத்திரிகையில் அச்சடிக்க நாலு வரி கேட்டு உன் மகன் விக்னேஷ் வந்தபோதுகூட, அச்சகத்தில் ஆயிரம் வைத்திருப்பான், ஒன்றைப் பொறுக்கிக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. எனக்குத் துக்கம் வந்தால் அதற்கு முன்னால் எரிச்சல் வந்து நிற்கும்.

இப்போது எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் விழுங்கிவிட்ட ஒன்றை, வருகிற வாரம் ஊரார் முன்னால் எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஊருக்குச் சொல்லும் முன் உனக்குச் சொல்லாமல் இருப்பது முறையல்ல. அதனால் கடிதம் உனக்கு. பக்கத்தில் நின்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. முத்தாண்டிக்குப்பம் சாலையில் சாம்பல் லாரிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. உன் வீட்டுக்கு மேற்கே இருக்கிற முந்திரித் தோப்பு இந்த வருஷமும் பூத்தது. சாலையோர மரங்களில் மட்டும் பூவின் நிறம் தெரியவில்லை. உன் வீட்டுக்காரர் கலியமூர்த்தி தானே சமைத்துக்கொள்கிறார், உப்பு அதிகம். விக்னேஷ் அதே சிமெண்ட் ஆலையில், அதே கான்ட்ராக்டில். மாடியில் நீ கட்டிய துணிக்கொடி அப்படியே இருக்கிறது. யாரும் அதில் துணி போடுவதில்லை. பின்பக்கம் வேறு கொடி கட்டிக்கொண்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கொடி என்றதும் நிலக்கரிச் சுரங்க நகரியத்தில் நாம் வளர்ந்த குவார்ட்டர்ஸ் ஞாபகம் வருகிறது. அம்மா துணியை அலசி வாளியில் வைத்துக்கொண்டு, "மலரு, புகை எந்தப் பக்கம் சாயுது, பாத்துட்டு வா" என்பாள். நீ வாசல் கேட்டுக்கு ஓடிப்போய்த் தூரத்துப் புகைபோக்கியைப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொல்வாய். நம் பக்கம் சாய்ந்தால் துணியெல்லாம் உள்ளே. நம் பிளாக்கில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பெண்கள் வானத்தைப் பார்ப்பது மழைக்காக இல்லை, புகைக்காக. ஒருநாள் என் பள்ளிச் சட்டையை மூன்றாவது தரம் அலசிக்கொண்டே எனக்கு நீ சொல்லிக் கொடுத்தாய். "காஞ்ச துணிய ஒதறுனா போயிடும்டா சேகரு. ஈரத்துணின்னா தூசி வந்து ஒக்காந்துக்கும்." அப்போது உனக்குப் பத்து வயது, எனக்கு ஆறு. அந்த ஒரு வாக்கியம் என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது, பார்.

அப்பா மேல் எனக்கிருந்த கோபம் உனக்கு மட்டும்தான் தெரியும். இன்றோடு மற்றவர்களுக்கும் தெரியட்டும். பணியில் இருக்கும்போதே இறந்தவர்களின் பிள்ளைகள் சிலருக்கு வேலை கிடைத்தது. நம் அப்பா சுரங்கத்தில் கடைசி ஷிப்ட் வரை பார்த்து, மாலை மரியாதையோடு ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அதன் பிறகும் பல வருஷம் நன்றாக வாழ்ந்தார். அப்பா நன்றாக வாழ்ந்ததற்காக ஒரு மகன் கோபப்படுவானா? நான் பட்டேன். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு, கழுத்தில் கான்ட்ராக்ட் அட்டையோடு நிற்பேன். என்னோடு படித்த ஒருவன் பர்மனென்ட் ஆகிக் காரில் போவான். என்னைப் பார்த்தால் ஹார்ன் அடித்துக் கையைத் தூக்குவான். நான் பதிலுக்கு ஒருநாளும் கை தூக்கியதில்லை.

"அவன்தான் தூக்கறான்ல, நீயும் தூக்கேன்டா. கை என்னா தேஞ்சா பூடும்?" என்று நீ கேட்டாய். தேய்ந்துவிடும் போலத்தான் இருந்தது, அக்கா.

பத்தாம் வகுப்போடு உன்னை நிறுத்திவிட்டு என்னைப் படிக்க வைத்தார்கள். அதை நீ ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் உன்மேலும் ஒரு கோபம் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

கடைசியில் எனக்குக் கிடைத்தது ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் காற்றை அளக்கிற வேலை. உன் ஊரில் எனக்குக் காத்துப் புடிக்கிறவரு என்று பேர். "இன்னிக்கி எத்தினி மூட்டை காத்து புடிச்சீங்க?" என்று டீக்கடையில் கேட்பார்கள். முகத்தை இறுக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வருவேன். "அவங்க சிரிச்சா நீயும் சிரிச்சிட்டுப் போயேன்" என்பாய்.

சிமெண்ட் அரவை ஆலை வந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீயும் நானும் அதை ஒரே மாதிரி பார்த்ததில்லை. அனல்மின் நிலையச் சாம்பலைச் சும்மா கொட்டி வைப்பதைவிட சிமெண்டில் கலந்தால் நாட்டுக்கு லாபம் என்று திறப்பு விழாவில் பேசினார்கள். அது பொய்யில்லை. படித்தவன் என்ற முறையில் நானே அதை ஒப்புக்கொள்வேன். எங்கோ ஒரு பாலம் அந்தச் சிமெண்டில் நிற்கிறது. ஆனால் லாரிகள் தார்ப்பாயை அரைகுறையாக மூடிக்கொண்டு உன் தெரு வழியாக ஓடின. ஆலை முற்றத்தில் குவித்தது எல்லாம் திறந்தே கிடந்தது. காற்றடித்தால் ஊரே வெளுத்துப்போகும். உன் வீட்டுக்காரர் தன் தோப்பில் பாதியை அந்த ஆலைக்கு விற்றவர். அன்றிலிருந்து நான் அவரை மாமா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். பதினோரு வருஷம் ஆகிறது. பேச வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துப் பேசுவேன்.

ஆனால் உன் ஓட்டு வீடு மாடி வீடானது அந்தப் பணத்தில்தான். நீ அதை மெத்தை என்பாய், நான் மாடி என்பேன். "கல்யாணம் பண்ணிகினு வந்து வூடுங்கறே, மெத்தைங்கறே, நகரியத்துப் பேச்சே போயிடுச்சு" என்று நான் கிண்டல் செய்தால், "ஆமா, நீ மாடின்னு சொல்லு, ஒனக்கு மட்டும் ரெண்டு மாடியாத் தெரியும்" என்பாய். அந்த மாடிதான் என் மிஷினுக்கு இடம் கொடுத்தது.

அந்த மிஷின் செய்கிற வேலை பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு வெள்ளைத் தாளை முதலில் எடை போடுவோம். அதை மிஷினில் வைத்தால், எட்டு மணி நேரம் அது காற்றை அந்தத் தாள் வழியாக இழுக்கும். தூசி தாளில் தங்கும். மறுபடி எடை போட்டால் ஊர் எதை மூச்சில் இழுக்கிறது என்று தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் ஆலைக்காரர்கள் இரண்டாவது யூனிட் கட்ட விரும்பினார்கள். அதற்கு முன்னால் இப்போதைய காற்று எப்படி இருக்கிறது என்று காட்ட வேண்டும். அந்த வேலை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. உன் ஊரில் ஒரு இடம் பார்க்கும் பொறுப்பு எனக்கு.

நான் ஏன் உன் வீட்டைத் தேர்ந்தெடுத்தேன்? கரண்ட் தருவார்கள், மிஷின் திருட்டுப் போகாது என்று மேனேஜரிடம் சொன்னேன். உண்மையான காரணம் உன் கருவாட்டுக் குழம்பு. வாரத்துக்கு இரண்டு நாள், கோடை முழுக்க, உன் கையால் சாப்பிடலாம். உறவுக்காரர் வீட்டில் அளவெடுப்பது சரியா என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "ஒங்க அக்கா வூடா? நல்லதாப் போச்சு சார், தகராறு இருக்காது" என்றார் மேனேஜர். தகராறு இல்லைதான்.

அந்த நாட்களை இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். காலையில் நான் பைக்கை நிறுத்தும்போது தெரு நனைந்திருக்கும். உன் வாசல் மட்டுமல்ல, மூலையில் பம்ப்செட் இருக்கிற இடம் வரை. மாடியில் தரை கழுவி ஈரம் காயாமல் இருக்கும். மிஷினைச் சுற்றி நாலு பக்கமும் கொடி கட்டி, சேலைகளும் வேட்டிகளும் நீர் சொட்டத் தொங்கும்.

"என்னாக்கா, நான் வர்ற அன்னிக்கெல்லாம் துவைக்கிற?"

"ஆமா, மத்த நாளு அழுக்குல கெடக்கறோம். நீ வந்து சுத்தம் பண்ணு."

"மிஷினுக்கு காத்து வரணும்க்கா."

"அதுக்குத்தான்டா கொடிய தூரக் கட்டிக்கிறேன். குழம்பு ஆறுது, வா."

நான் வேதியியல் படித்தவன். நனைந்த துணி எதைப் பிடிக்கும் என்று ஆறு வயதிலேயே உன்னிடம் பாடம் கேட்டவன். அந்தச் சேலைகளை விலக்கிக்கொண்டு போய்த் தாளை மாற்றிவிட்டு, குனிந்து வெளியே வந்து, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். ஒருநாள் அல்ல, அந்தக் கோடை முழுவதும்.

தாள்கள் வெளுப்பாக வந்தன. எனக்கு ஆச்சரியம், பிறகு சந்தோஷம். "ஒங்க ஊர் காத்து நாங்க நெனைச்ச மாதிரி மோசமில்லக்கா" என்று உன்னிடம் சொன்னேன். உன் முகம் மலர்ந்தது. ஏதோ பரீட்சையில் நீ பாஸ் செய்தது போல இருந்தது. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இதற்குப் பிறகு செய்ததுதான் என்னால் மன்னிக்க முடியாதது. உன் இருமல் அதிகமானபோது நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? விறகடுப்பை விடு என்றேன். அலர்ஜி என்றேன். "லாரி போனா நெஞ்சு அடைக்குதுடா" என்று நீ சொன்னபோது, உன் வீட்டு மாடியிலேயே அளந்திருக்கிறோம், எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று பதில் சொன்னேன். உன் நெஞ்சு சொன்னதை நம்பவில்லை, என் தாளை நம்பினேன். நீயும் என்னை நம்பினாய். படித்த தம்பி அளந்து சொல்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்று இன்னும் ஒரு வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தாய்.

தூசிதான் உன்னைக் கொன்றது என்று நான் எழுத மாட்டேன். டாக்டர் அப்படி ஒற்றைக் காரணம் சொல்லவில்லை. அடுப்புப் புகை, வயது, தூசி, தாமதம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொன்னார். அந்தத் தாமதத்தில் என் பங்கு எவ்வளவு? அதை எந்தத் தாளில் வைத்து எடை போடுவது?

கடைசி மாதத்தில் உன் கட்டில் பக்கத்தில் நெபுலைசர் இருந்தது. ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. முகமூடியைப் பிடித்துக்கொண்டு நீ என்னைப் பார்த்த பார்வை... இருபது நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தது, மிஷின் உறுமியது, உன் தோள் இறங்கியது. அப்போது நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். கரண்ட் ஊருக்கெல்லாம் போகுது, சாம்பல் நமக்கு, சிமெண்ட் எவனுக்கோ, தூசி நமக்கு என்று. நீ முகமூடியை விலக்கிவிட்டுச் சொன்னாய்:

"சும்மா இருடா. இந்தக் கரண்டு இல்லன்னா இப்ப எனக்கு மூச்சே இல்ல. அப்பா தோண்டன நெலக்கரி என் மூக்குல வந்து ஒக்காந்துகினு இருக்கு. அத திட்டாத."

பிறகு நீ என்னைச் சமாதானப்படுத்த நினைத்தாயோ என்னவோ, மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாய்.

"ஒன் மிஷினு மேல ஒரு தூசி வுழ வுட்டுக்கிறனா சொல்லு. நீ வர்ற அன்னிக்கி விடியறதுக்குள்ள தெரு பூரா தெளிச்சிட்டு, மெத்தைய கழுவி, சேலைய நனைச்சி நனைச்சி சுத்திக் கட்டுவேன். காஞ்சா மறுபடி போயி தண்ணி அடிப்பேன். ஈரத்துணின்னா தூசி ஒக்காந்துக்கும்ல? தம்பி மிஷினு, வெலை ஜாஸ்தி, வீணாப் பூடக்கூடாதுன்னுதான். எதிர்வூட்டு பட்டு கூடக் கேட்டா, ஒந்தம்பி வர்றான்னா தெருவையே கயுவி வுடணுமாடின்னு."

உன் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிக்கா" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நாளில் நீ போய்விட்டாய், தம்பிக்கு ஒரு நல்லது செய்தோம் என்ற நினைப்போடு.

அதை நான் கலைக்காமல் விட்டது அன்பா, கோழைத்தனமா? நீதான் சொல்ல வேண்டும்.

இப்போது நடப்பைச் சொல்கிறேன். இரண்டாவது யூனிட்டுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்துவிட்டார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை வைத்திருந்தார்கள். புரட்டினேன். காற்று அளந்த இடங்களின் பட்டியலில் உன் வீட்டு மாடி இருக்கிறது. எதிரில் ஒரு எண், அதற்கு எதிரில் 'வரம்புக்குள்'. அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. அது உன் ஊர்க் காற்றின் எண் அல்ல. பக்கத்தின் அடியில் அளந்தவன் என்று என் பெயர்.

மேனேஜருக்குப் போன் செய்தேன். "அது முடிஞ்சுபோன ரிப்போர்ட்டு சார். கையெழுத்து நீங்க போட்டது. இப்ப போயி எங்க அக்கா துணி காயப்போட்டாங்கன்னு சொன்னா யாரு நம்புவா? சிரிப்பாங்க. உங்க வயசுக்கு இன்னொரு வேலையும் கெடைக்காது" என்றார். அவர் சொன்னதில் எதுவும் பொய்யில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

பிறகு உன் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது யூனிட் வந்தால் பர்மனென்ட் என்று விக்னேஷுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அது உனக்குத் தெரியும். நீ சாகும்போது அவன் கழுத்தில் என்ன அட்டை தொங்கியதோ அதே அட்டைதான் இன்றும். விஷயத்தைச் சொன்னதும் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளினான்.

"கூட்டத்துல போயி எங்கம்மா பேர இழுக்கப் போறீங்களா மாமா?"

"அம்மா மேல தப்பில்லடா. தப்பு என் மேல."

"ஊருல அப்பிடிப் பேசுவாங்களா? காத்துப் புடிக்கிறவரு அக்கா தண்ணி ஊத்தி ஏமாத்திடுச்சின்னுதான் பேசுவாங்க. நாளைக்கி அந்தக் கேட்டுல நான் எப்பிடி உள்ள போவேன்?"

"உள்ள போறது முக்கியமா, மூச்சு வுடறது முக்கியமா?"

"ரெண்டும் மாமா. ஒங்களுக்கு ஒன்னு போதும். எனக்கு ரெண்டும் வேணும்."

இந்த நாட்டில் எத்தனையோ மேஜைகளில் பெரிய பெரிய வார்த்தைகளில் கேட்கப்படுகிற கேள்வியை அவன் சாப்பிட்ட கை காயாமல் கேட்டுவிட்டான். எனக்குப் பர்மனென்ட் கிடைக்காததற்காக ஒரு வாழ்நாள் முழுவதும் உலகத்தைத் திட்டியவன் நான். அவனுக்குக் கிடைக்கப்போவதைத் தட்டிவிட எனக்கு என்ன யோக்கியதை? ஒருவேளை நான் பொறாமையில் செய்கிறேனோ என்றும் ஒரு சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் இன்னும் முழுதாகப் போகவில்லை என்பதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

அதுவரை சுவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த உன் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்துப் பேசவில்லை. நான் எந்தச் சுவரைப் பார்த்துப் பேசுவேனோ அதே சுவரைப் பார்த்துப் பேசினார்.

"அவ மட்டும் தெளிக்கல. பம்ப்செட்டுலேர்ந்து தண்ணி தூக்கியாந்தது நானு. இருவத்தஞ்சு குடம் முப்பது குடம் ஆவும் ஒரு நாளைக்கி. இருமிகினே மெத்தை ஏறுவா. நீ ஒக்காருன்னா கேக்க மாட்டா."

எனக்கு அது தெரியாது, அக்கா. நீ சொல்லவேயில்லை. தோப்பை விற்றவர், உன்னைக் கவனிக்காதவர் என்றுதான் இத்தனை வருஷமும் அவரை ஒரு பக்கமாக நிறுத்தி வைத்திருந்தேன்.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு நோயாளிப் பொம்பள, ஒரு கெயவன். நாங்க ரெண்டு பேரு கொடத்துல தண்ணி தூக்கி, நாலு பழஞ்சேல கட்டி, ஒங்க தாளையே வெளுக்க வச்சிட்டோம். அம்மாம் பெரிய ஆலை, அவனால முடியாதா?"

நீ சொன்ன நாளிலிருந்து அந்த அளவைப் பொய் என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். அது பொய்தான், ஆனால் அதற்குள் வேறொன்று இருந்திருக்கிறது. தெருவை நனைத்தால், குவியலை மூடினால், லாரிக்குத் தார்ப்பாயை ஒழுங்காகக் கட்டினால் இந்த ஊர் எப்படி மூச்சு விடலாம் என்பதை நீ அளந்து காட்டியிருக்கிறாய். எந்த நிபுணரும் உன்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பழுது பார்க்க என்னிடம் வந்திருந்த ஒரு பழைய மிஷினைச் சரிசெய்து, அடுத்த வாரம் உன் மாடிக்குக் கொண்டுபோனேன். ஒருநாள் எதுவும் செய்யாமல் ஓடவிட்டேன். மறுநாள் நீ செய்ததையெல்லாம் செய்தோம். அவர் தண்ணீர் தூக்கினார், நான் தெளித்தேன். உன் சேலைகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். வெந்தய நிறச் சேலையை மட்டும் கொடுக்கவில்லை, திரும்ப உள்ளே வைத்துவிட்டார். ஆறாவது குடத்துக்கே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "ஒக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். மாமா என்ற சொல் என் வாய் வரை வந்தது. வெளியே வரவில்லை. பதினோரு வருஷத் துரு, அக்கா.

ஷிப்ட் முடிந்து சாயங்காலம் விக்னேஷ் வந்தபோது இரண்டு தாள்களும் டி.வி. மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று எருமைத்தோல் நிறம். இன்னொன்றில் லேசான பழுப்பு.

"இது எது மாமா?"

"இது ஒங்கம்மா இல்லாத நாளு. இது ஒங்கம்மா இருந்த நாளு."

அவன் கறுத்த தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அவன் தலைமுடியிலும் புருவத்திலும் அதே நிறத் தூசி இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, நீ கண்ணாடி டம்ளரை வைப்பது போல மெதுவாக வைத்தான்.

"ஆலை வேணாம்னு சொல்லுவீங்களா?"

"இல்லடா. அளந்தது தப்பு, மறுபடி அளங்கன்னு சொல்லுவேன். ஷெட்டு போட்டு மூடு, ரோட்ட நனை, அப்பறம் ரெண்டாவதக் கட்டுன்னு சொல்லுவேன்."

"அதுக்கெல்லாம் செலவாவும், வேற ஊருக்குப் போறோம்னு போயிட்டான்னா?"

போனாலும் போவான். இரண்டு நாள் அளவு எதையும் நிரூபிக்காது என்று எதிர்த் தரப்பு சொல்லும். அதுவும் சரிதான். அவன் முகம் கழுவப் போய்விட்டான். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. கூட்டத்துக்கு வருவானா, வந்தால் எந்தப் பக்கம் உட்காருவான் என்று எனக்குத் தெரியாது. நேற்று உன் வீட்டுக்காரர் போனில் சொன்னார், அந்த இரண்டு தாள்களையும் அவன் பிளாஸ்டிக் உறையில் போட்டு உன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறானாம். அதற்கு என்ன அர்த்தம் அக்கா? உனக்குத்தான் அவனைத் தெரியும்.

என் வேலை போகும் என்று நினைக்கிறேன். போகட்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யார் மேலும் கோபம் வைத்துக்கொள்ள எனக்கு வழியில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். மேனேஜர் மேல் போட்டுப் பார்த்தேன், ஆலை மேல் போட்டுப் பார்த்தேன். சேலையை விலக்கிக்கொண்டு குனிந்து வந்தவன் நான்தான்.

கூட்டத்தில் உன் பெயரைச் சொல்வேன். மறைக்கப்போவதில்லை. ஏமாற்றியவளாக இல்லை. தன் நெஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும்போது தம்பியின் மிஷின் நல்ல காற்று வாங்கட்டும் என்று முப்பது குடம் தண்ணீர் ஊற்றியவளாகச் சொல்வேன். யாராவது சிரித்தால், நீ சொன்னது போல நானும் சிரித்துவிட்டு மேலே பேசுவேன். கற்றுக்கொள்ள ஐம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

மறுபடி அளக்க ஒப்புக்கொண்டால், மிஷின் உன் மாடிக்குத்தான் வரும். யார் அளந்தாலும் நான் பக்கத்தில் நிற்பேன், சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போவேன். அளவெடுக்கிற நாளில் உன் கொடியில் சேலை இருக்காது, அக்கா. ஆலை தன் தூசியைத் தானே அடக்குகிற வரைக்கும், மற்ற நாளெல்லாம் இருக்கும். நனைத்துப் போடுவது என் வேலை. தண்ணீர் தூக்க அவர் இருக்கிறார்.

உன் நெஞ்சை நம்பாமல் தாளை நம்பிய,
உன் கூடப்பிறந்தவன்,
சேகரு